சாப்பிடவில்லை என்று இன்சுலின் ஊசியை நிறுத்தினேன்

அந்த மார்கழியில் வீடு நிறைய ஆட்கள். கனடாவில் இருந்து தம்பி குடும்பம் ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்திருந்தது. கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் நடு அறையில் பிள்ளைகள் பாய் போட்டு வரிசையாகப் படுத்தார்கள். வந்திறங்கிய அன்றே சின்னவனுக்கு இருமல். "பிளேனுக்குள்ள பிடிச்ச குளிர் அக்கா, ஒண்டுமில்லை" என்றான் தம்பி. நானும் பெரிதாக எடுக்கவில்லை. மடியில் ஏறி இருந்து "மாமி, இடியப்பம் தீத்துங்கோ" என்று கேட்கிற பிள்ளையை யார் தள்ளி வைப்பார்கள்? விடிய நாலரைக்கு எல்லோரும் திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போனோம். பனிக்குள் நெருக்கமாக நின்று கும்பிட்டோம். பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நாலாம் நாள் என் முறை. தடிமன் என்றால் எனக்குத் தெரியும், மெல்ல மெல்ல வரும். முதலில் தும்மல், பிறகு மூக்கால் ஓடும், இரண்டு நாளில் தொண்டை கட்டும். இது அப்படி வரவில்லை. மத்தியானம் குசினியில் நின்று கறி கூட்டினவள், பின்னேரம் விறாந்தைக் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் கிடந்தேன். முதுகு, தொடை, கண்ணின் பின்பக்கம் எல்லாம் உளைவு. நடுக்கத்தோடு காய்ச்சல். இன்புளுவென்சா என்ற பெயரை வாட்டில்தான் பிறகு கேட்டேன். அன்றைக்கு எங்களுக்கு அது "பனிக்காய்ச்சல்".

எனக்குச் சீனி வருத்தம் தொடங்கி அப்போது 16 வருடம். காலையும் இரவும் மெற்போமின், இரவு படுக்க முன்னம் 14 அலகு இன்சுலின். கலங்கல் மருந்து. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, அடியில் படிந்த வெள்ளை முழுவதும் கலந்த பிறகுதான் ஊசியில் எடுக்க வேண்டும். அத்தனை வருடமும் ஒழுங்காகப் போட்டவள் நான். கிளினிக் ஒன்றும் தவறவிட்டதில்லை.

அன்றிரவு இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. குப்பியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப பிரிட்ஜில் வைத்தேன். "சாப்பிடேல்லை, பிறகென்னத்துக்கு ஊசி? சீனி இறங்கி மயங்கி விழுந்திடுவன்" என்று இவரிடம் சொன்னேன். இவரும் தலையாட்டினார். அடுத்த இரவும் அப்படியே. என் வாழ்க்கையில் சீனி வருத்தத்தோடு நான் விட்ட பிழைகளில் இதுதான் பெரியது. எழுதுவதும் அதற்காகத்தான். பிறகு விசாரித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த ஊர்ச் சனத்தில் முக்கால்வாசிப் பேர் காய்ச்சல் வந்தால் இதையேதான் செய்கிறார்கள்.

மற்றப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கு ருசியில்லை என்று நெல்லிரசம் கரைத்துக் குடித்தேன். மல்லித்தண்ணிக்குப் பனங்கட்டி. குமட்டலுக்கு ஜிஞ்சர்பியர். பிரட்டிக்கொண்டு வந்தபோதும் மெற்போமினை மட்டும் கடமையாக விழுங்கினேன். மீற்றர் அலுமாரிக்குள் இருந்தது. "வருத்தத்தோட என்னத்துக்கு விரலைக் குத்துறது, சுகம் வந்த பிறகு பாப்பம்" என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அடிக்கடி சலம் போனது. மழைக்காலத்துக் குளிர் என்று நினைத்தேன். நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. குடிக்கக் குடிக்கத் தாகம். பின்னேரம் போல இவரைப் பார்த்து, காலமான என் ஐயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. இவர்தான் பயந்துபோய் மீற்றரைத் தேடி எடுத்து என் விரலைக் குத்தினார். இலக்கம் வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டியது. எங்கள் மீற்றர் 600க்கு மேலே போனால் இலக்கம் காட்டாது.

அம்புலன்சுக்கான 1990 இலக்கத்துக்கு ரெலிபோன் அடித்தார். அம்புலன்சில் வந்த பிள்ளைகள் ஏற்றும்போதே கையில் ஊசி ஏற்றிச் சேலைன் தொடங்கினார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். சேலைன் போத்தல் போத்தலாக ஏறியது. இன்சுலின் துளித்துளியாக மிசினால் போனது. பொட்டாசியம் பார்க்கவென்று இரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூக்கில் எடுத்த பரிசோதனையில் இன்புளுவென்சா ஏ.

வீட்டுக்கு விடுகிற அன்று காலை ஒரு இளம் டொக்டர் கட்டில் ஓரத்தில் இருந்து, கால் மணித்தியாலம் எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன்.

காய்ச்சல் நேரம் உடம்பு கோட்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகளைக் கூட்டும். அவை ஈரலைப் பார்த்து, சேர்த்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் விடு என்று சொல்லும். போதாததற்கு இன்சுலின் தன் வேலையைச் செய்யவும் விடாது. நாங்கள் ஒரு பருக்கை தின்னாவிட்டாலும் ஈரல் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் சீனி 180 அளவைத் தாண்டினால் சலத்தோடு போகத் தொடங்கும், போகிறபோது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வற்றும். வற்ற வற்றச் சீனி இன்னும் செறியும், பிறகு மூளை மயங்கும். "அம்மா, உங்களை இஞ்ச கொண்டு வந்தது காய்ச்சல் இல்லை. காய்ச்சல் ஏத்தின சீனியும், வத்தின தண்ணியும். சாப்பிடாத நாளிலதான் உங்களுக்கு அந்த ஊசி கூடத் தேவைப்பட்டது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். சீனி கூடி நிற்கிற இரத்தத்தில் கிருமியை விழுங்குகிற வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. மற்றவர்களுக்கு ஒரு கிழமையில் போகிற காய்ச்சல் எங்களுக்கு நெஞ்சுக்குள் இறங்கி நியுமோனியா ஆகக்கூடியது அதனால்தான். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று உலகம் முழுக்க வந்தபோதும், ஆஸ்பத்திரியில் கடுமையாகப் படுத்தவர்களுக்குள் சீனி வருத்தக்காரர் நிறைய இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, அடுத்த கிளினிக்கில் "எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேணும்? ஒரு துண்டில எழுதித் தாங்கோ" என்று கேட்டது. கேட்டால் எழுதித் தருகிறார்கள். நாங்கள்தான் கேட்பதில்லை. எனக்கு எழுதித் தந்தது எனக்குரியது. அதை அப்படியே இன்னொருவர் எடுக்கக்கூடாது, அவரவர் மருந்து வேறு. ஆனால் அதில் உள்ள சங்கதிகள் எல்லோரும் தங்கள் டொக்டரிடம் கேட்க வேண்டியவை.

இன்சுலினை நானாக நிறுத்தக்கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மீற்றர் காட்டும் இலக்கத்தைப் பார்த்துக் கேட்டு முடிவெடுக்கலாம், முழுதாக நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. சின்ன வயதிலேயே சீனி வந்து, இன்சுலினை மட்டும் நம்பி இருக்கிற பிள்ளைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு நாள் விட்டாலே உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி இரத்தம் அமிலமாகிவிடும். வயிற்று நோ, சத்தி, ஆழமாக இழுத்து மூச்சு விடுவது, வாயில் அழுகிய பழம் போல ஒரு மணம், இவை வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

மெற்போமினை, சத்தியும் வயிற்றோட்டமும் இருந்து தண்ணீர் தங்காவிட்டால், அவை நிற்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். சிறுநீரகம் வற்றிய நேரத்தில் அது உடம்பில் தேங்கிவிடும். நான் நேரெதிராகச் செய்திருந்தேன், ஊசியை விட்டேன், குளிசையைப் போட்டேன். சலத்தால் சீனியை வெளியேற்றுகிற எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இதே விதிதான், அவர்கள் கூடக் கவனிக்க வேண்டும். சீனி பெரிதாக ஏறாமலே அவர்களுக்கு இரத்தம் அமிலமாகலாம். பிரஷருக்கு எடுக்கும் லோசாட்டானையும் தண்ணி போகிற குளிசையையும் பற்றியும் கேட்டு வைக்க வேண்டும். கிளிக்லசைட் எடுப்பவர்களுக்குப் பயம் மறுபக்கம். அது சாப்பிடாவிட்டாலும் சீனியைத் தள்ளி இறக்கும். என் மச்சாளுக்கு அதுதான். ஒரு காய்ச்சல் நாளில் விடியற்காலை வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பார்த்தால் 52. மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பார்த்தார்கள். ஒரே காய்ச்சல், எனக்குச் சீனி ஏறியது, அவவுக்கு இறங்கியது. அதனால்தான் ஊகத்தில் எதையும் செய்யாமல் குத்திப் பார்க்கச் சொல்லுகிறேன்.

குத்திப் பார்ப்பதிலும் ஒரு விசயம் இருக்கிறது. பிறகொரு நாள் எனக்குச் சின்னக் காய்ச்சல். இவர் தோடம்பழம் உரித்துத் தந்தார், நானும் இரண்டு சுளை உரித்தேன். உடனே விரலைக் குத்தினால் 312. நெஞ்சு திக்கென்றது. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 198. அந்த 312 இரத்தத்தில் இருந்த சீனி இல்லை, நகக்கண்ணில் ஒட்டியிருந்த பழச்சாறு. ஸ்பிரிற் பஞ்சால் துடைத்தால் அது சரியாகப் போகாது. தண்ணீரும் சவர்க்காரமும்தான். காய்ச்சல் நேரம் பிள்ளைகளோ மனுசனோ எங்களுக்குப் பழம் தந்துகொண்டே இருப்பார்கள், அதனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

அடுத்த மாரியில் எனக்குத் திரும்பவும் பெரிய காய்ச்சல் வந்தது. இந்த முறை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு போட்டு நான்கு நிரல் வைத்தேன். நேரம், காய்ச்சல், சீனி, குடித்தது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து இவர் எழும்பினார். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. முதல் இரவில் "2.00, 101, 287, அரைக் கோப்பை மல்லித்தண்ணி" என்று இவருடைய சரிந்த எழுத்து. எனக்குத் தந்திருந்த எல்லை 250. இரண்டு தரம் தொடர்ந்து அதற்கு மேல் நின்றால் கூப்பிட வேண்டும். காலை ஆறுக்கு 271. கூப்பிட்டோம். கொப்பியைப் பார்த்து இலக்கங்களை வாசிக்க, டொக்டர் இரவு ஊசியில் இரண்டு அலகு கூட்டச் சொன்னார். நேரில் பார்த்து, இன்புளுவென்சா வைரஸுக்கான ஒசெல்டமிவிர் மருந்தும் தொடங்கினார். அந்த மருந்து காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எங்களைப் போன்றவர்களுக்குப் பிந்தினாலும் கொடுப்பார்கள், ஆனால் முந்துவதுதான் நல்லது. "மூண்டு நாள் பாப்பம்" என்ற எங்கள் ஊர்ப் பழக்கம் இந்த வருத்தத்தில் எங்களுக்குச் சரிவராது.

குடிக்கிறதையும் மாற்றினேன். மணித்தியாலத்துக்கு அரைக் கோப்பையாவது, மிடறு மிடறாக. சீனி கூடி நிற்கும்போது வெறுந்தேத்தண்ணி, சீனி போடாத மல்லித்தண்ணி, கொதித்தாறின தண்ணீர். சீனி இறங்கி, சாப்பாடும் ஏலாத நேரம் கஞ்சி, பால், கொஞ்சம் பழரசம். சத்தி எடுத்த நாளில் ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள். அதில் சீனி இருக்கிறதே என்று நான் தயங்க, அந்த அளவு பரவாயில்லை, உப்பு போகாமல் இருப்பது முக்கியம் என்றார்கள். இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் தண்ணீரிலும் கணக்கு இருக்கிறது. அவர்களுக்கு இளநீரும் கண்டபடி கூடாது, அதில் பொட்டாசியம் நிறைய.

யாழ்ப்பாணத்தில் மாரியில் வருகிற காய்ச்சல் எல்லாம் பனிக்காய்ச்சல் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. அதே மாதங்களில்தான் டெங்கு. வயல் வெள்ளத்தில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல், 2024 மார்கழியில் அது எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டு போனது. அதனால் உடம்பு உளைவுக்கென்று டைக்கிளோபெனாக், புரூபன் ஒன்றும் வாங்கிப் போடுவதில்லை. டெங்கு என்றால் இரத்தம் கசியும், எங்கள் சிறுநீரகத்துக்கும் அவை கூடாது. பனடோல் மட்டும், அதுவும் கணக்கோடு. மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றாலும் நிற்காவிட்டாலும் இரத்தம் கொடுத்து குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை பார்த்துவிடுவோம்.

அந்த இரண்டாம் காய்ச்சலின் ஐந்தாம் நாள் இருமல் கூடி, நெஞ்சு இழுத்தது. பக்கத்து டிஸ்பென்சரி ஒன்றில் காட்டினோம். சரையில் சுற்றி மூன்று வகைக் குளிசை தந்தார்கள், பெயர் எழுதவில்லை. போட்ட அன்றிரவு சீனி 340. சாப்பாடு அதே, ஊசி அதே. இவர் சரையோடு திரும்பிப் போய்க் கேட்டபோதுதான் ஒன்று பிரெட்னிசலோன் என்று தெரிந்தது. இழுப்புக்கு அது தேவையான மருந்தாக இருக்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்ரீரொயிட் சீனியை ஏற்றும் என்று சொல்லித் தந்திருந்தால் இன்சுலினைக் கேட்டுக் கூட்டியிருப்போம். பெயர் எழுதாமல் சரையில் மருந்து கொடுக்கிற வழக்கம் மாற வேண்டும். அதுவரைக்கும் நாங்கள் ஒரு பேனை கொண்டு போக வேண்டும். "எனக்குச் சீனி இருக்கு, ஒவ்வொண்டும் என்ன குளிசை எண்டு எழுதித் தாங்கோ." நான் இப்போது இதைக் கேட்காமல் எழும்புவதில்லை.

பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் துண்டு தமிழில் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், முதலில் தந்தது ஆங்கிலத்தில் இருந்தது. இவருக்கு அது பாதிதான் விளங்கியது. நான் மயங்கிக் கிடக்கிற நேரம் வாசிக்கப் போவது இவர்தானே. சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, நூல்களை மொழிபெயர்த்த ஊர் இது. ஒரு காய்ச்சல் துண்டை எங்கள் மொழியில் கேட்க நாங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிறேன், மூக்கடைப்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடுதண்ணீரில் கால் வைப்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை, சீனி வந்து கால் விறைப்பு உள்ளவர், காய்ச்சலுக்கு ஒத்தடம் என்று வாளித் தண்ணீரில் கால் வைத்திருந்தார். சூடு தெரியவில்லை. எடுத்துப் பார்த்தபோது பெருவிரலில் இருந்து குதிவரை கொப்பளம். காய்ச்சல் நாலு நாளில் போனது, கால் புண் ஆற நாலு மாதம்.

ஊசி பற்றி. நான் சொல்வது இன்புளுவென்சாத் தடுப்பூசி. 16 வருடம் கிளினிக் போன எனக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. வைரஸ் வருடம் வருடம் உருமாறுவதால் ஊசியும் வருடத்துக்கு ஒருக்கா. போட்டு இரண்டு கிழமை ஆகும் காப்பு வர. எங்கள் பக்கத்தில் மாரியோடு வருத்தம் கூடுவதால் ஐப்பசியில் போட்டுக்கொள்கிறேன். தனியார் இடத்தில் காசு கொடுத்துத்தான், முதலே ரெலிபோனில் கேட்டு இருப்பு உண்டா என்று பார்த்து. போட்ட கை ஒரு நாள் நோகும், சீனி ஒரு நாள் கொஞ்சம் ஏறும். அதற்குள் இருப்பது உயிர் இல்லாத வைரஸ், அதனால் ஊசியால் இன்புளுவென்சா பிடிக்காது. ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம், என் இரண்டாவது காய்ச்சல் அப்படித்தான். ஆனால் அந்த முறை வாட்டுக்குப் போகவில்லை. நியுமோனியாத் தடுப்பூசியும் போட்டேன். இவருக்குச் சீனி இல்லை, ஆனாலும் அவரும் இன்புளுவென்சா ஊசி போடுகிறார். வீட்டுக்குள் கொண்டு வந்து தருகிறவர் அவராக இருக்கக்கூடாது என்கிறார்.

கிளினிக் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ச்சலோடு அங்கே போய் வாங்கில் இருந்து இருமாதீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரும் சீனிக்காரர். கொப்பியைக் கொடுத்து வீட்டில் ஒருவரை அனுப்புங்கள். சுகமாகப் போகிற நாளிலும் நான் முகக்கவசம் போடுகிறேன். இன்சுலின் இரண்டு கிழமைக்காவது கையிருப்பில் வைத்திருக்கிறேன், மழை வெள்ளத்தில் போக முடியாத நாட்கள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் கஷ்டம் சொந்தக்காரரிடம் சொல்வதுதான். மருந்து மாற்றுவதை விட அது கஷ்டம். வந்த ஆளை வாசலில் வைத்து "இருமலோ?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். முதல் வருடம் நான் கேட்கக் கூசினேன். இப்போது முதலே ரெலிபோனில் சொல்லிவிடுகிறேன், "பிள்ளையளுக்குக் காய்ச்சல் இருமல் எண்டால் ரெண்டு நாள் பொறுத்து வாங்கோ, நான் சமைச்சு வைச்சிருப்பன்." சமைத்து வைத்திருப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கோபப்படுவதில்லை. தம்பிக்கும் சொன்னேன். முதலில் அவன் அழுதான், என்னால்தானே அக்கா வந்தது என்று. அவனால் வரவில்லை. கோயிலில் வந்திருக்கலாம், பஸ்ஸில் வந்திருக்கலாம். ஊசியை நிறுத்தியது நான்.

இந்த மார்கழிக்கும் வருகிறார்கள். சின்னவனுக்கு இப்போது தானாகச் சாப்பிடுகிற வயது, என்றாலும் தீத்தச் சொல்லித்தான் கேட்பான். இவருக்கும் எனக்கும் ஐப்பசியில் ஊசி போட்டாயிற்று. அலுமாரியில் இருந்த மீற்றர் இப்போது சாப்பாட்டு மேசையில், மல்லிப் போத்தலுக்குப் பக்கத்தில். ஸ்ரிப் பெட்டியின் முடிவுத் திகதியை நேற்றும் ஒருக்கா பார்த்தேன், அடுத்த ஆடி வரைக்கும் இருக்கிறது.